தொட்டி வாயில் நின்றவர்

பூவரசன் செத்த ஐந்தாம் நாள் அந்த வீடியோ தெருவுக்கு வந்து சேர்ந்தது. காலையில் தண்ணீர் பிடிக்கப் போன வள்ளியம்மாள் பாதிக் குடத்தோடு திரும்பி வந்தாள். குழாயடியில் நாலு பெண்கள் ஒரே போன்மேல் கவிழ்ந்து நின்றிருந்தார்கள். இவளைக் கண்டதும் போனை அணைத்துவிட்டு ஒதுங்கினார்கள். முறை வருவதற்கு முன்னாலேயே குழாயை விட்டுக் கொடுத்தார்கள். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"இன்னாடி அது, எல்லாரும் பாக்குறாங்க? எனக்குக் காட்டு," என்றாள் மகளிடம்.

பூர்ணிமாவுக்கு முந்தின நாளே கல்லூரிக் குழுவில் அது வந்திருந்தது. அம்மா கண்ணில் படாமல் வைத்திருந்தாள். இனி மறைக்க முடியாது என்று போனை நீட்டினாள்.

பதினெட்டு விநாடிதான். தோல் பதனிடுகிற டேனரியின் பின்பக்கம், கம்பத்தின் உச்சியிலிருந்து பார்க்கிற கேமரா. சத்தம் கிடையாது. கழிவுநீர்த் தொட்டியின் மூடி திறந்து கிடக்கிறது. மேஸ்திரி ராமமூர்த்தி தொட்டி வாயில் குனிந்து நின்று, உள்ளங்கை கீழே பார்க்க, கையை வேகவேகமாக அசைக்கிறார். படம் ஒரு முறை துள்ளுகிறது. பூவரசன் வருகிறான். ரப்பர் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, இரும்பு ஏணியில் கால் வைத்து இறங்குகிறான். தலை மறைந்ததும் வீடியோ முடிகிறது. 'இறங்குடா என்று விரட்டிய மேஸ்திரி' என்று கீழே யாரோ எழுதிச் சேர்த்திருந்தார்கள்.

வள்ளியம்மாள் மூன்று முறை பார்த்தாள். பிறகு போனைத் தரையில் வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

வள்ளியம்மாளின் புருஷன் ராமமூர்த்தி மேல்விஷாரத்தில் அந்த டேனரியில் இருபத்திரண்டு வருஷமாக இருக்கிறார். சுண்ணாம்புக் குழியில் முழங்கால் அளவு தண்ணீரில் நின்று தோல் புரட்டிய ஆள். விரல் இடுக்கெல்லாம் வெந்து வெந்து ஆறி, இப்போதும் உப்பு பட்டால் எரிகிற கை. பிறகு தோலைப் போட்டுச் சுழற்றுகிற டிரம் வேலை, அப்புறம் மேஸ்திரி. மூன்று வீடு தள்ளியிருந்த பூவரசனை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டவரும் அவர்தான். பூவரசனுக்கு இருபத்தேழு வயசு. அவன் மனைவி சங்கீதாவும் வள்ளியம்மாளும் ஒரே ஷூ கம்பெனியில், ஒரே வரிசையில் வேலை. வள்ளியம்மாள் மேல்தோலுக்குப் பசை தடவித் தள்ளுவாள், சங்கீதா மிஷினில் தைப்பாள். ஒரே வேனில் போய் ஒரே வேனில் வருவார்கள். மதியம் ஒருத்தி கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்தால் இன்னொருத்தி வெறும் களி மட்டும் கொண்டுவருவாள். அப்படி ஒரு ஏற்பாடு.

செவ்வாய்க்கிழமை காலை தொட்டிக்குள் இறங்கிய பூவரசனை விஷவாயு அடித்துவிட்டது. பிணமாகத்தான் மேலே வந்தான். மறுநாள் மதியம் ராமமூர்த்தியைக் கூட்டிக்கொண்டு போனார்கள். இப்போது வேலூர் தொரப்பாடி ஜெயிலில் இருக்கிறார். கம்பெனி கொடுத்த இந்த வீடியோவை வைத்துத்தான் ஜாமீன் மனு தள்ளுபடியானது.

பங்குனி வெயில் அந்த வருஷம் சீக்கிரமே ஏறிவிட்டது. காற்று திரும்பினால் டிரம் கழுவின நீரின் நாற்றம் வீட்டுக்குள் வரும். தெருக்காரர்களுக்கு அது மூச்சு மாதிரி, தெரியாது. அந்த வாரம் மட்டும் எல்லோருக்கும் தெரிந்தது. கதவைச் சாத்தினார்கள். வேனில் வள்ளியம்மாள் பக்கத்து இடம் காலியாகவே ஆற்காடு வரைக்கும் போனது. மூன்றாம் நாள் அவள் வேலைக்குப் போவதை நிறுத்திக்கொண்டாள்.

பூர்ணிமா விஷுவல் கம்யூனிகேஷன் மூன்றாம் வருஷம். சினிமா எப்படி எடுக்கிறார்கள், சீரியல் எப்படி எடுக்கிறார்கள், ஒரு படத்துக்குப் பக்கத்தில் இன்னொரு படத்தை வைத்தால் பார்க்கிறவன் மனசில் என்ன அர்த்தம் உண்டாகிறது என்பதுதான் படிப்பு. சொந்தக்காரர்களுக்கு விளக்கிச் சொல்ல முடியாத படிப்பு. "டிவி பாக்கறதுக்கு ஒரு காலேஜா?" என்று கேட்டவர்களிடம் ராமமூர்த்திதான், "அது ஜாஸ்தி படிப்பு, உனுக்குப் புரியாது," என்று சொல்லி வாயை அடைப்பார். அவருக்கும் புரியாது.

சாயங்காலம் சீரியல் பார்க்கும்போது பூர்ணிமா குறுக்கே குறுக்கே பேசுவாள். "இந்த மாமியார் முறைக்கிறாங்க இல்ல, அது மருமவளப் பாத்து இல்லம்மா. அந்தப் பொண்ணு அன்னிக்கு ஷூட்டிங்குக்கே வந்திருக்காது. தனியா முறைக்கச் சொல்லி எடுத்து ஒட்டுவாங்க." வள்ளியம்மாளுக்குக் கோபம் வரும். "ஒரு கதையை ஒழுங்காப் பாக்க உடுறியா நீ?" என்று ரிமோட்டைப் பிடுங்குவாள்.

இப்போது சுவரில் சாய்ந்திருந்தவள் அதைத்தான் பிடித்துக்கொண்டாள்.

"சீரியல்ல எது எங்க வெட்னாங்க, எங்க ஒட்னாங்கன்னு சொல்லுவியே. இதுல சொல்லு. உங்கப்பா அப்டி வெரட்டுற ஆளா? நடுவுல துள்ளுது பாரு. அது இன்னா?"

"வெட்டியிருக்காங்கம்மா. அது எனக்கும் தெரியுது. ஆனா வெட்னதே தப்புன்னு சொல்ல முடியாது. நடுவுல சும்மா இருந்த நேரத்த எடுத்துட்டோம்னு சொல்லுவாங்க."

"அப்போ நீ படிச்சது எதுக்குடி?"

மறுநாள் பூர்ணிமா ஜோயா வீட்டுக்குப் போனாள். வகுப்பில் எடிட்டிங்குக்கு லேப்டாப் வைத்திருப்பவள் ஜோயா ஒருத்திதான். அவள் வாப்பா தோல் தரகர். இந்த விஷயத்தில் தலையிடாதே என்று மகளிடம் சொல்லியிருந்தார். அவர் தொழுகைக்குப் போகிற நேரம் பார்த்து ஜோயா கதவைத் திறந்தாள்.

இரண்டு பேரும் வீடியோவை ஒவ்வொரு படமாக நகர்த்திப் பார்த்தார்கள். முதல் துண்டு ஏழு விநாடி, இரண்டாவது பதினொன்று. மூலையில் நேரம் ஓடுகிற இடத்தைக் கத்தரித்திருந்தார்கள். நிழலைப் பார்த்தார்கள், ஒன்றும் பிடிபடவில்லை. ஒரு மணி நேரம் ஆயிற்று.

"பேஜாராப் போச்சு பூர்ணி. கண்ணு வலிக்குது," என்றாள் ஜோயா. பிறகு, "இரு. மறுபடி முதல் துண்டுக்குப் போ," என்றாள்.

முதல் துண்டில், கையசைக்கிற ராமமூர்த்தியின் காலுக்கு ஒரு முழம் தள்ளி, தொட்டியின் சிமெண்ட் விளிம்போரம் கறுப்பாக ஏதோ கிடந்தது. பெரிதாக்கினார்கள். ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. ஒன்று நேராக, ஒன்று கவிழ்ந்து.

இரண்டாம் துண்டை ஓட்டினார்கள். பூவரசன் வந்து நிற்கிறான். அந்த இடம் வெறும் சிமெண்டாக இருக்கிறது. காலை உதறிச் செருப்பைக் கழற்றுகிறான். ஒன்று நேராக விழுகிறது, ஒன்று கவிழ்கிறது.

"பின்னாடி நடந்தத முன்னாடி வெச்சிருக்காங்க," என்றாள் பூர்ணிமா. குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "பூவரசண்ணன் எறங்கினதுக்கு அப்புறம்தான் அப்பா கை ஆட்டுறாரு."

"எறங்குன்னு இல்லடி. கைய கீழ வெச்சி நாம எப்டிக் கூப்புடுவோம்? வா, வான்னு. உங்கப்பா ஏறி வரச் சொல்லிக் கூப்புடுறாரு."

பூர்ணிமா அழவில்லை. அந்த ஏழு விநாடியைத் திரும்பத் திரும்ப ஓட்டினாள். விரட்டுகிற கையாக இரண்டு நாளாகப் பார்த்த அதே கை, இப்போது பதறித் துடிக்கிற கையாகத் தெரிந்தது. ஒரு படமும் மாறவில்லை. முன்னது பின்னதாகப் போனதுதான்.

வக்கீல் பரணிதரன் வேலூரில் கோர்ட்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் இருந்தார். செருப்பைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இது போதும்மா. முழு வீடியோவையும் கம்பெனி தரணும்னு மனு போடுறேன். அடுத்த வாரம் இந்தச் சாவப் பத்தி விசாரணை அதிகாரி உக்கார்றாரு. அவர்கிட்டயும் இதக் குடுப்போம். உங்கப்பா வெளிய வந்துடுவாரு." பிறகு, "இத யாரு கண்டுபுடிச்சது?" என்று கேட்டார்.

"என் பொண்ணு," என்றாள் வள்ளியம்மாள். பத்து நாளில் முதல் முறையாக அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்து, தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள். திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் மகளுக்கு ஒரு கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்துத் தனக்கு வேண்டாம் என்றாள்.

சனிக்கிழமை ஜெயிலில் அப்பாவைப் பார்க்கப் பூர்ணிமா தனியாகத்தான் போனாள். அம்மாவுக்குக் காய்ச்சல். தடுப்புக்கு அந்தப் பக்கம் ராமமூர்த்தி சவரம் செய்யாத முகத்தோடு வந்து நின்றார். பத்து நாளில் கழுத்தெலும்பு தெரிந்தது. அங்கங்கே ஆட்கள் கத்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவளும் கத்தித்தான் சொன்னாள், செருப்பைப் பற்றி, முன்னும் பின்னும் மாற்றியதைப் பற்றி, வக்கீல் சொன்னதைப் பற்றி.

அவர் முழுவதும் கேட்டார். சந்தோஷப்படுவார் என்று நினைத்தாள்.

"ஏறி வாடான்னுதாம்மா கூப்ட்டேன்," என்றார். "கயிறு எடுக்கப் போயிருந்தேன். வந்து பாத்தா அவன் தலை சாயுது. கூப்ட்டேன். அவன் என்னைப் பாத்தான். கை தூக்கினான், ஆனா ஏணி எட்டல."

"அதத்தாம்பா சொல்லப் போறோம்."

அவர் கம்பியைப் பிடித்தார். "பூர்ணி. நான்தான் அவன எறங்கச் சொன்னேன்."

தனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தாள்.

"காலைல எட்டு மணிக்கு. டீ குடிக்கிற எடத்துல. அங்க கேமரா கெடையாது. மேனேஜர் ராஜேஷ் வந்து, மோட்டார் அடைச்சிக்கினுது, நாளைக்கு செக்கிங் வர்றாங்க, யாரையாவது எறக்கி எடுத்துடு மேஸ்திரின்னாரு. மெஷின் வெச்சி எடுக்கலாம் சார்னேன். அதுக்கு ரெண்டு நாள் ஆவும்னாரு. நான் சுத்திப் பாத்தேன். இவன் ஒல்லியா கீறான், சட்டுனு ஏறிடுவான்னு நெனச்சேன். நீ போடான்னேன். சரி மாமான்னுட்டு டீய வெச்சிட்டு எழுந்தான்."

"இத போலீஸ்ல சொன்னியாப்பா?"

"மேனேஜர் அன்னிக்கே வந்து, அவனே எறங்கினான்னு சொல்லு, பாத்துக்கலாம்னாரு. அப்டியே சொன்னேன். இப்ப என்னையே காட்டிக் குடுத்துட்டாங்க." உள்ளங்கையால் முகத்தைத் துடைத்தார். "வீடியோ பொய்யி. ஆனா நான் சொன்னேன். சொல்லலன்னா அவன் எறங்கியிருக்க மாட்டான்."

நேரம் முடிந்தது என்று காவலர் வந்தார். பஸ்ஸில் பூர்ணிமா ஜன்னலோரம் உட்கார்ந்து, மேல்விஷாரம் நிறுத்தம் போனதுகூடத் தெரியாமல் ஆற்காட்டில் இறங்கினாள். அங்கிருந்து ஷேர் ஆட்டோ பிடித்துத் திரும்பினாள். தெருவில் நுழைந்தவள் தன் வீட்டுக்குப் போகவில்லை. மூன்று வீடு தள்ளிப் போய் நின்றாள்.

சங்கீதா வாசலில் குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். ஒன்றரை வயசுப் பெண். பூர்ணிமாவைப் பார்த்தவள் எழவில்லை, போ என்றும் சொல்லவில்லை. குழந்தையின் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, துண்டால் துடைத்து, பவுடர் போட்டு முடித்தாள்.

"அக்கா, அந்த வீடியோவை மாத்தி வெச்சிருக்காங்க," என்று ஆரம்பித்தாள் பூர்ணிமா. எல்லாவற்றையும் காட்டினாள். சங்கீதா அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். கழற்றுகிற இடத்தைத் திரும்பக் காட்டச் சொன்னாள். மூன்றாம் முறையும் காட்டச் சொன்னாள்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். பூர்ணிமா நிறுத்தவில்லை. "ஆனா காலைல எறங்கச் சொன்னது எங்கப்பாதான்க்கா. மேனேஜர் சொல்லி, அப்பா சொல்லியிருக்காரு. இன்னிக்குத்தான் என்கிட்ட சொன்னாரு."

சங்கீதா குழந்தைக்குச் சட்டை மாட்டினாள். பொத்தானை ஒவ்வொன்றாகப் போட்டாள்.

"எனக்குத் தெரியும்," என்றாள். "எட்டேகாலுக்கு வேனுக்குக் கெளம்பும்போது அவரு போன் பண்ணாரு. ஸ்டேஷன்ல சொன்னேன். எழுதிக்கினாங்க. படிச்சிக் காட்டும்போது அந்தப் பேச்சக் காணோம். கேட்டா, எல்லாம் வந்திருக்குது, கையெழுத்துப் போடும்மான்னாங்க." அவள் பூர்ணிமாவை முதல் முறையாக நேராகப் பார்த்தாள். "உங்க வீட்லேர்ந்து யாராவது வந்து அத சொல்லுவீங்களான்னு பாத்துக்கினு இருந்தேன்."

பிறகு குழந்தையை உள்ளே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள். முகம் கழுவிக்கொண்டாள்.

"நீ வீடியோ எடுக்கத்தான படிக்கிற? என்ன எடு. நான் சொல்றேன். ஆனா எதையும் வெட்டக் கூடாது."

பூர்ணிமா போனை ஒரு சொம்பின்மேல் சாய்த்து வைத்தாள். வெளிச்சம் எந்தப் பக்கம், பின்னால் என்ன தெரிகிறது என்று கல்லூரியில் பார்க்கச் சொல்லித் தருவதை எதையும் பார்க்கவில்லை. சங்கீதா பேசினாள். பதினோரு நிமிஷம். நடுவில் குழந்தை வந்து மடியில் ஏறியது. பக்கத்தில் யாரோ மிக்ஸி ஓட்டினார்கள். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் பூவரசன் எப்படிச் சாப்பிடுவான் என்பதில் ஆரம்பித்தாள். எட்டாவது நிமிஷத்தில்தான் போன் வந்ததைச் சொன்னாள்.

"தொட்டியில எறங்கணும்மே, மேஸ்திரி சொல்றாரு, மேனேஜரும் மூக்குல கர்ச்சீப் கட்டிக்கினு இங்கதான் நிக்கிறாரு, மதியம் நாத்தத்துல சோறு எறங்காது, எனக்கு டப்பா குடுத்தனுப்பாதன்னு சொன்னாரு. நான் அதுக்குள்ள கட்டிட்டேன்."

அதற்குப் பிறகு மூன்று நிமிஷம் அவள் ஒன்றும் பேசவில்லை. போன் ஓடிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை வக்கீல் அந்த வீடியோவை இரண்டு முறை பார்த்தார். மேனேஜர் பெயர் வந்த இடத்தில் மேஜையைத் தட்டினார். "இதுதான்மா வேணும். மேனேஜர் அங்க நின்னதுக்கு சாட்சி." பிறகு பேனாவால் நெற்றியைச் சொறிந்தார். "ஆனா 'மேஸ்திரி சொல்றாரு'ன்னு அதே மூச்சுல வருது. உங்கப்பா கழுத்துக்கே வந்துடும். அந்த ரெண்டு வார்த்தை கேக்காம இருந்தா நல்லாருக்கும்னு சொல்றேன். அதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்லல."

பூர்ணிமாவுக்கு அந்த இடம் தெரியும். 'எறங்கணும்மே' என்றதற்குப் பிறகு சங்கீதா ஒரு மூச்சு இழுப்பாள். 'மேனேஜரும்' என்பதற்கு முன்னால் குழந்தையைப் பார்க்கக் குனிவாள். முகம் தெரியாத ஒரு விநாடி. அந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதை எடுத்துவிட்டு, பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தத்தைக் கீழே ஓடவிட்டால் யாருக்கும் தெரியாது. அவளுடைய பேராசிரியருக்கே தெரியாது. பத்து நிமிஷ வேலை.

படியிறங்கும்போது வள்ளியம்மாள் மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வெட்டிடு."

"அம்மா."

"அவங்க நம்மள வெட்டி ஒட்டினாங்க இல்ல? நீயும் வெட்டு. நீ படிச்ச படிப்பு அதுக்குத்தான? உங்கப்பா அந்தச் சுண்ணாம்புல வெந்து உன்னப் படிக்க வெச்சாரு. ரெண்டு வார்த்தடி. ரெண்டே வார்த்த."

"அந்த அக்கா வெட்டாதன்னு சொல்லிச்சும்மா."

"அவளுக்குப் புருஷன் போய்ட்டான். எனக்கு இருக்குறான். உயிரோட இருக்குறான். போனவனுக்காக இருக்கறவனப் போட்டுத் தள்ளுவியா?"

படியில் ஏறிவந்த ஒருவர் ஒதுங்கி நின்று பார்த்தார். வள்ளியம்மாள் அவரைக் கவனிக்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து, தலையில் அடித்துக்கொள்ளாமல், சத்தம் போடாமல், மகளின் சுடிதார் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, "வெட்டுடி, வெட்டுடி," என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் பூர்ணிமா லேப்டாப் கேட்டு ஜோயா வீட்டுக்குப் போனாள். அந்த இடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மதியம் வரைக்கும் உட்கார்ந்திருந்தாள். ஒரு தரம் வெட்டவும் செய்தாள். ஓட்டிப் பார்த்தாள். மிகச் சுத்தமாக இருந்தது. சங்கீதா சொல்லாத ஒன்றைச் சங்கீதாவே சொன்னாள். அழித்துவிட்டு, ஜோயா கொண்டுவந்து வைத்த டீயைக் குடிக்காமல் எழுந்து வந்தாள்.

புதன்கிழமை விசாரணை அதிகாரி முன்னால் பதினோரு நிமிஷமும் ஓடியது. சங்கீதாவும் வந்திருந்தாள். கடைசி மூன்று நிமிஷத்தைப் பாதியில் நிறுத்தப் போன எழுத்தரிடம், "ஓடட்டும்," என்றார் அதிகாரி. செருப்பையும் பார்த்தார். முழு வீடியோவையும் கம்பெனி ஒப்படைக்க வேண்டும் என்று எழுதினார். அந்த வார முடிவில் மேனேஜர் ராஜேஷைக் கைதுசெய்தார்கள். ராமமூர்த்தியின் இரண்டாவது ஜாமீன் மனுவும் தள்ளுபடியானது. இறங்கச் சொன்னதற்கு இப்போது சாட்சி இருக்கிறது என்றார்கள். வக்கீல், இன்னும் நாலு மாசமாவது ஆகும் என்றார்.

வள்ளியம்மாள் மகளோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சோறு போட்டு வைப்பாள். தட்டை நகர்த்துவாள். டிவியைப் போடுவதில்லை.

அடுத்த சனிக்கிழமை பூர்ணிமா தொரப்பாடிக்குப் போனாள். வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தவளுக்கு அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் மறந்தது. அவருக்கு விஷயம் போயிருந்தது.

"முழுசாக் குட்த்தியா?"

"முழுசாக் குட்த்தேம்ப்பா."

அவர் தலையை ஆட்டினார். பக்கத்தில் ஒரு கிழவர் தன் மகனிடம் மாடு கன்று போட்டதைக் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"எத்தினி நிமிஷம் பேசிச்சி அந்தப் பொண்ணு?"

"பதினொண்ணு."

"எம் பேரு எங்க வருது?"

"எட்டாவது நிமிஷத்துல."

"அதுக்கு முன்னாடி ஏழு நிமிஷம் இன்னா சொல்லுது?"

"பூவரசண்ணனப் பத்திப்பா. களிய உருட்டாம விரலால கிள்ளிக் கிள்ளித்தான் சாப்புடுமாம். கொழந்த பொறந்த அன்னிக்கு மழையில நடந்தே ஆஸ்பத்திரிக்கு வந்துச்சாம், பஸ்ஸுக்குக் காத்திருக்க முடியலன்னு. அப்புறம் தூக்கத்துல பேசுமாம்."

ராமமூர்த்தி நெற்றியைக் கம்பியில் வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. பூவரசனைத் தொட்டியிலிருந்து தூக்கிய நாளிலும், தன்னைக் கூட்டிப்போன நாளிலும் அழாதவர்.

"தூக்கத்துல இன்னா பேசுவானாம்?" என்று கேட்டார்.

பூர்ணிமா கம்பிக்கு நெருங்கி நின்றுகொண்டு, காவலர் வந்து மணி ஆயிற்று என்று சொல்கிற வரைக்கும், ஒன்றையும் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.